பதினொரு அட்டைகள்

செட்டியார்பட்டி
19.2.1994

அன்பு மகள் முத்துப்பேச்சிக்கு அம்மா பாலம்மாள் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் கோதையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அது போல நீயும் அந்தத் தருமபுரிப் பனியில் சளி இருமல் இல்லாமல் இருக்கிறாயா என்று அறிய வேண்டும். வழக்கம் போல நான் சொல்லச் சொல்ல உன் தங்கச்சிதான் எழுதுகிறாள். உன் கடிதம் வந்து இத்தனை நாள் கழித்துப் பதில் வருகிறதே என்று கோபப்படாதே, உன் அப்பாவுக்கு ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் இந்த வாரம்தான் ராத்திரி வாட்ச் போட்டிருக்கிறார்கள். சாயங்கால பஸ்ஸில் போனால் விடிந்துதான் வருவார். அவர் இருக்கும்போது எழுத முடியாது. உன் காலேஜில் உன்னிடம் படிக்கிற அந்தக் கண் தெரியாத பிள்ளை பரிபூரணம் பெயிலாகிவிட்டாள், அடுத்த வருசம் உனக்கு வேலை நீட்டிப்பார்களா என்று தெரியவில்லை என்று கேட்டதிலிருந்து அவர் மனுசராகவே இல்லை. "யாரோ பெத்த பிள்ளைக்கு அட்டை ஒட்டி பிரின்சிபால்கிட்ட ஏச்சு வாங்கி அங்க என்ன வாழ்ந்து கிழிக்கா, மூட்டையக் கட்டிட்டு வரச் சொல்லு, வார வரைக்கும் இந்த வீட்டுலருந்து ஒரு கடுதாசி போகக் கூடாது" என்று சொல்லிவிட்டார். "பட்டாளத்துல பதினேழு வருசம் இருந்தவன், நான் ரெண்டு தடவ சொல்ல மாட்டேன்" என்று கோதையைப் பார்த்து வேறு சொன்னார், அவள் பயந்து போய் இங்க் பேனாவை எடுத்து ஒளித்து வைத்துவிட்டாள். இப்போதும் வாசலில் நாய் குரைத்தால் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்க்கிறாள்.

இங்கே மழை பொய்த்துவிட்டது, குழாயில் தண்ணீர் நாலு நாளைக்கு ஒரு தரம்தான் வருகிறது. பேண்டேஜ் துணித் தறிக்காரர் தார்க்குச்சியில் சுற்றக் கூடுதலாக நூல் கொடுத்தனுப்புகிறார், நானும் முடிந்த மட்டும் சுற்றிப் போடுகிறேன். பக்கத்து வீட்டுத் தங்கபாய், அதுதான் தையல் டீச்சர், உன்னை ரொம்பக் கேட்டாள். வத்திராயிருப்புப் பக்கம் போலீசில் இருக்கிற ஒரு பையனை அப்பா பார்த்து வைத்திருக்கிறார், நீ வந்தால் பேசலாம் என்கிறார். முன்னால் என்றால் நான் உனக்காகச் சண்டை போட்டிருப்பேன். இப்போது என்னிடம் சண்டை போட ஒன்றும் இல்லை.

பேச்சி, உன் கடிதத்தைக் கோதை வாசித்துக் காட்டினாள். நாம் அனுப்பிய அட்டை நாற்பத்தொன்றுமே கைக்குச் சரியாகத் தெரியவில்லை, அதனால்தான் பரிபூரணம் தப்புத் தப்பாக எழுதி முப்பத்தொரு மார்க்கில் நின்றுவிட்டாள், அவளுடைய அப்பா வந்து டிரங்குப் பெட்டியோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார் என்று கேட்டபோது எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. போன வைகாசி லீவில் நீ அட்டைகளில் பென்சில் கோடு போட்டு எடுத்து வந்து, "அம்மா, இந்தக் கோட்டு மேல நூல ஒட்டணும், கண்ணு தெரியாத பிள்ளை தொட்டுப் படிக்கும்" என்று சொன்னபோது நான் சிரித்தேன், தார் சுற்றுகிற எழுதப் படிக்கத் தெரியாதவளிடம் காலேஜ் பாடத்தைக் கொண்டு வந்திருக்கிறாளே என்று. ஏறுகிற கோட்டுக்கு இரட்டை நூல், இறங்குகிற கோட்டுக்கு ஒற்றை நூல், ரெண்டும் சந்திக்கிற இடத்தில் மட்டும் ஒரு முடிச்சு என்று நீ சொல்லிக் கொடுத்ததை நான் மறக்கவில்லை. புளியங்கொட்டைப் பசை காய ஒரு பகல் முழுக்க வேண்டும், ஈரத்தில் தொட்டால் நூல் நகர்ந்துவிடும், அதனால் ஒரு நாளைக்கு ஒரு அட்டைக்கு மேல் நான் எடுத்ததே இல்லை. தார் சுற்றும்போது கை பறக்கும், அறுந்த நூலை முடிச்சுப் போட்டுக்கொண்டே போவேன். இதற்கு மட்டும் கோடு முழுக்க ஒரே நூலாக, அறுந்தால் உரித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஒட்டினேன். அப்படி மெல்ல ஒட்டும்போதுதான் எனக்கே ஒன்று விளங்கியது, விலை ஏற ஏற விற்கிறவன் கூடுவான், வாங்குகிறவள் குறைவாள், ரெண்டு பேரும் ஒத்துப் போகிற இடம்தான் அந்த முடிச்சு. சந்தையில் கத்தரிக்காய்க்கு நான் தினம் பார்க்கிறதுதானே இது என்று கோதையிடம் சொன்னேன். முடித்த அட்டையைக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்ப்பேன். என் விரலுக்குத் தெரிந்தது அந்தப் பிள்ளையின் விரலுக்குத் தெரியாமல் போனது எப்படி என்று பதினைந்து நாளாக யோசிக்கிறேன். தார் சுற்றிச் சுற்றிக் காய்த்துப் போன கை இது, நான் தொட்டுச் சரி என்று நினைத்ததெல்லாம் அவளுக்குச் சரியாக இருந்திருக்காது போல.

கடைசிப் பதினொரு அட்டை செய்கிற நேரத்தில் எனக்கு விரலில் நகச்சுத்து வந்து, எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு கிடந்தேன் இல்லையா, அப்போது கோதைதான் ஒட்டினாள். "ஏட்டி, ஒரு நாளைக்கு ஒண்ணு, அம்புட்டுதான், ஓடாத" என்று சொன்னேன். அவளும் தினம் ஒன்றாகப் பொறுமையாகச் செய்து பெட்டிக்குள் வைத்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து களைப்போடு செய்தாள். அவளை ஒரு சொல் சொல்லிவிடாதே. நான் செய்து காட்டின மாதிரித்தானே அவள் செய்தாள், காட்டியது தப்பு என்றால் செய்ததும் தப்பாகத்தான் வரும். இதை எழுதும்போது அழுகிறாள், அக்கா மேல் அம்புட்டுப் பாசம்.

இனி என்னிடம் அட்டை கேட்காதே மகளே. பசைச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன், மிச்சம் இருந்த வெற்று அட்டைகளை அடுப்பில் வைத்துவிட்டேன். கண்ணில்லாத பிள்ளைக்குப் பொருளாதாரம் எதற்கு என்று உன் பிரின்சிபால் முதலில் சொன்னபோது நீ அவரோடு மல்லுக்கு நின்று சேர்த்தாய், கடைசியில் அவர் சொன்னதே சரி என்று நான் ஆக்கிவிட்டேன். உன் அப்பா சொல்லுகிறபடி வந்துவிடு. அங்கே இருந்து தினம் அந்தக் காலி பெஞ்சைப் பார்த்துக்கொண்டு இருக்காதே.

வேளைக்குச் சாப்பிடு, வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்க்காமல் இருந்துவிடாதே, உனக்குச் சூட்டு உடம்பு. ஆண்டாளும் பெருமாளும் உன்னைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும், நீ நூறு வருசம் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். வருகிற தேதியைத் தங்கபாய்க்கு எழுதிப் போடு, வீட்டு முகவரிக்குப் போடாதே, அப்பா கையில் கிடைத்துவிடும்.

உன் நல்லதையே நினைக்கும் அம்மா,
பாலம்மாள்

அக்கா, அம்மா சொன்னது அந்தக் கையெழுத்தோடு முடிந்தது. அவளுக்கு எழுதத் தெரிந்தது அந்தப் பெயர் ஒன்றுதான், அதைப் போட்டுவிட்டு "ஒட்டி வச்சிட்டுப் படு, காலையில தபால்ல போட்ரு" என்று சொல்லிப் படுத்துவிட்டாள். இனிமேல் வருவது கோதை எழுதுவது. அறிவியல் ரெக்கார்டு எழுதணும் என்று சொல்லி அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறேன். எழுதி முடிக்கும் வரை அம்மா எழுந்துவிடக் கூடாது. எழுந்தாலும் அவளுக்கு இது என்ன என்று வாசிக்கத் தெரியாது, ஆனால் என் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அம்மா சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் மேலே எழுதியிருக்கிறேன். என்னைப் பொறுமைசாலி என்று அவள் சொன்ன இடத்தையும் என் கையாலேயே எழுதினேன். நான் அழுதது பாசத்தினால் இல்லை.

அந்தப் பதினொரு அட்டைகளை நான் தினம் ஒன்றாகச் செய்யவில்லை. ஒன்பது நாள் ஒன்றையும் தொடவில்லை. சாயங்காலம் அம்மா "இன்னைக்கு ஒண்ணு முடிஞ்சுதா?" என்று கேட்பாள், விரலில் எலுமிச்சம்பழத்தோடு, வலியில் முகம் சுருங்கிப் போயிருக்கும். முடிந்தது, பெட்டியில் வைத்துவிட்டேன் என்று நான் சொல்லுவேன். அவள் நம்பினாள். பத்தாவது நாள் வெள்ளிக்கிழமை. மறுநாள் புரட்டாசி மூன்றாவது சனிக்கிழமை, எங்கள் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் டிராக்டரில் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் இருக்கிற திருவண்ணாமலைக்கு, மலைப் பெருமாளைப் பார்க்கக் கிளம்பினார்கள். "இன்னைக்கு உள்ளது போக மிச்சம் ஒண்ணு இருக்குல்லா, அதையும் இன்னைக்கே முடிச்சிரு, பதினொண்ணும் பெட்டியில இருந்தாத்தான் நாளைக்கு நீ டிராக்டர்ல ஏறுவ" என்று அம்மா சொன்னாள். அன்று சாயங்காலம் அவள் தறிக்காரர் வீட்டுக்குக் கூலிப் பாக்கி வாங்கப் போயிருந்தாள். அட்டைக்கென்று அவள் எடுத்து வைத்திருந்த நல்ல நூலை முந்தின நாளே தறிக்காரர் ஆள் மற்றதோடு சேர்த்து வாங்கிக்கொண்டு போய்விட்டான், நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், வேண்டும் என்று சொல்லவில்லை, சொன்னால் இன்னும் தொடவில்லை என்பது தெரிந்துவிடும். அதனால் சாக்கில் கிடந்த கழிவு நூலை எடுத்தேன். எல்லாம் துண்டு துண்டு. துண்டோடு துண்டு முடிச்சுப் போட்டு நீளமாக்கினேன். தார் சுற்றுகிற முடிச்சு, கண்ணுக்குத் தெரியவே தெரியாது, அம்மா எனக்கு ஏழு வயசில் சொல்லிக் கொடுத்தது. பசை காயக் காத்திருக்க முடியாது என்று கடையில் கோந்து பாட்டில் வாங்கி ஒட்டினேன். மூன்று மணி நேரத்தில் பதினொன்று. அப்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது அக்கா, அம்மா மாதக்கணக்கில் செய்கிற வேலை இவ்வளவுதானா என்று நினைத்தேன்.

முடிச்சு என்றால் கோடுகள் சந்திக்கிற இடம் என்று நீ சொன்னது எனக்கும் தெரியும். ஆனால் பார்த்தால் தெரியாத முடிச்சு தொட்டால் தெரியும் என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் ஒருமுறைகூடக் கண்ணை மூடித் தடவிப் பார்க்கவில்லை. மறுநாள் மலையில் வளையல் வாங்கினேன், புளியோதரை சாப்பிட்டேன், சந்தோஷமாக இருந்தேன்.

உன் கடிதம் மூன்றாம் தேதி வந்தது. அம்மாவுக்கு வாசிப்பதற்கு முன்னால் நான் தனியாக வாசித்துவிட்டேன். இரண்டாவது பக்கம் எனக்கு மனப்பாடம். முதல் முப்பது அட்டையில் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பரிபூரணம் மற்ற பிள்ளைகளைவிட நன்றாக எழுதியிருக்கிறாள், பின்னால் உள்ள அட்டைகளில் கோட்டுக்கு நடுவே இருக்கக் கூடாத முடிச்சுகள் இருக்கின்றன, ஒரு படத்தில் விலை மூன்று இடத்தில் நிலைக்கிறது என்று அவள் தனக்காகப் பரீட்சை எழுதுகிறவரிடம் சொல்லியிருக்கிறாள், அம்மா, இது எப்படி வந்தது என்று கேட்டிருந்தாய். பரீட்சைக்கு முன்னால் அவள் உன்னிடம் வந்து "மிஸ், இதுல நெறைய எடத்துல சந்திக்குதே" என்று கேட்டதாகவும், பாடத்தை முடிக்கிற அவசரத்தில் அட்டையைக் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு, அட்டையில் உள்ளபடியே படி என்று நீ சொல்லிவிட்டதாகவும் எழுதியிருந்தாய். நீ உன்னைத் திட்டிக்கொண்டு எழுதியிருந்ததை வாசிக்கும்போது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், தப்பு உன் மேலும் இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

அதற்குக் கீழே நீ அவள் ஊருக்குப் போய்வந்ததை எழுதியிருந்தாய். அவள் வெளியே வரவில்லை, உள்ளே இருந்தே "என் வெரல் பொய் சொல்லிடுச்சு மிஸ், இனிமே நான் எதையும் தொட்டுப் படிக்க மாட்டேன்" என்று சொன்னாள் என்று. தீபாவளிக்கு அவள் பின்னி உன்னிடம் கொடுத்தனுப்பினாளே ஒரு வயர் கூடை, அட்டை செஞ்சவங்களுக்கு என்று, அதை அம்மா எனக்குத்தான் கொடுத்தாள். நான் அதில் சோறு கொண்டு போய்க்கொண்டிருந்தேன். இப்போது பரணில் போட்டுவிட்டேன், காது அறுந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். அது அறுந்துபோகவே இல்லை.

அம்மாவுக்கு வாசிக்கும்போது இரண்டாவது பக்கத்தை வாசிக்கவில்லை. அட்டை கைக்குச் சரியாகத் தெரியவில்லையாம் என்று மட்டும் சொன்னேன். "ரெண்டு தாள் இருக்கு, அம்புட்டுதானா?" என்று கேட்டாள். அக்கா கோழி கிண்டினது மாதிரிப் பெரிது பெரிதாக எழுதியிருக்கிறாள் என்று சொன்னேன். சிரித்தாள். பிறகு எந்த அட்டை என்று கேட்டாள். கடைசிப் பதினொன்று என்று சொன்னால் பிடிபட்டுவிடுவேன். எல்லா அட்டையும்தான் என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஒரு சொல்லை மட்டும் திருப்பி எடுக்க முடிந்தால் போதும். அப்போதே எழுந்து போய்ச் சட்டியைக் கழுவினாள். இப்போது தார் சுற்றும்போதுகூட நடுவில் நிறுத்திவிட்டு நூலை விரலில் வைத்து உருட்டிப் பார்க்கிறாள், பிறகு தன் விரலைப் பார்க்கிறாள். நேற்று என்னைக் கூப்பிட்டு "ஏட்டி, இதத் தொட்டுப் பாரு, மேடா இருக்கா, உனக்குத் தெரியுதா?" என்று கேட்டாள். தெரிகிறது அம்மா என்று சொன்னேன். "எனக்கும் அப்படித்தான் தோணுது, ஆனா நம்ப முடியலையே" என்றாள்.

ஏப்ரல் பரீட்சைக்குப் பெயர் கொடுக்கப் பிப்ரவரி பதினைந்துதான் கடைசி நாள், பரிபூரணத்தின் அப்பாவை எப்படியாவது சம்மதிக்க வைக்க வேண்டும், அதற்குள் முடிச்சு எப்படி வந்தது என்று தெரிந்தால் போய்ச் சொல்லுவேன் என்று நீ எழுதியிருந்தாய். நான் பள்ளிக்கூடம் போகும் வழியில்தான் தபால் பெட்டி இருக்கிறது. அப்பா ராத்திரி வாட்சுக்குப் போக வேண்டும் என்று அம்மா காத்திருந்தாள், நான் அதற்குக் காத்திருக்கத் தேவையில்லை. ஒரு கார்டு வாங்கி, முடிச்சு நான் போட்டது என்று மூன்று சொல் எழுதியிருக்கலாம். தினமும் அந்தப் பெட்டியைத் தாண்டிப் போனேன். இன்று பத்தொன்பது. இந்தக் கடிதம் உனக்குக் கிடைக்கும்போது இருபத்திரண்டு ஆகிவிடும். அட்டையில் நான் அவசரப்பட்டேன், இதில் மட்டும் மெதுவாக இருந்துவிட்டேன்.

இதோடு ஒரு அட்டை வைத்திருக்கிறேன். முப்பத்து மூன்றாவது படம், என் நோட்டின் அட்டையைக் கிழித்துச் செய்தது. வீட்டில் பசை வாசம் வந்தால் அம்மாவுக்குத் தெரியும் என்று பள்ளிக்கூடத்தில் மத்தியானம் தனியாக உட்கார்ந்து ஒட்டினேன். இரண்டே கோடு, ஆறு நாள் ஆனது. நாலு தடவை நூல் அறுந்து உரித்துவிட்டு மறுபடி ஒட்டினேன். கண்ணை மூடித் தடவிப் பார்த்தேன், ஒரே ஒரு இடத்தில்தான் தட்டுகிறது. இதனால் இனி ஒரு பயனும் இல்லை என்று எனக்குத் தெரியும். இதைத் தொடச் சொல்லி அவளை வற்புறுத்தாதே. ஆனால் அவள் விரல் பொய் சொல்லவில்லை, அங்கே முடிச்சு இருந்தது, அவள் சரியாகத்தான் படித்தாள் என்று நீ நேரில் போய்ச் சொல்ல வேண்டும். அவள் அப்பாவிடமும் பிரின்சிபாலிடமும் சொல். என் பெயரைச் சொல். திட்டினால் திட்டட்டும்.

அம்மாவிடம் நான் சொல்லிப் பார்த்தேன். இரண்டு தடவை பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இரண்டு தடவையும் பசிக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அதனால் அம்மாவுக்கு நீ எழுது. முதல் முப்பது அட்டையிலும் ஒரு குறை இல்லை என்று எழுது, பரிபூரணம் அவற்றை வைத்து எழுதின பதில்களை எழுது, பொறவு என்னைப் பற்றி எழுது. ஆனால் அதை என்னிடம் வாசிக்கக் கொடுக்காதே. அடுத்த தடவை வாசிக்கிறேன் என்று சத்தியம் செய்யலாம் என்று நினைத்தேன், என்னை எனக்குத் தெரியும், அந்த இடம் வந்தால் தாண்டிவிடுவேன். தங்கபாய் அக்கா பெயருக்கே எழுது, இதைப் பாலம்மாளுக்கு நீங்களே வாசித்துக் காட்டுங்கள் என்று முதல் வரியிலேயே போடு. அவிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாக, ஒவ்வொரு சொல்லாக வாசிப்பாவ, யார் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்த மாட்டாவ. அப்பா பகலில் தூங்குகிற நேரம் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அவிய வீட்டில் வைத்து என்று எழுது. நான் எங்கேயும் போகாமல் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

உன் தங்கை,
கோதை